நூற்றில் எத்தனை பேர்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்த அழகான கையெழுத்தை ஒரு பொய்க்குக் கீழே போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதி வழியில் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன், அந்தக் குணம் எனக்கு உண்டு.

நான் தேர்வு வாரியத்தில், புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். அரசு வேலைக்காக லட்சம் பேர் எழுதும் தேர்வை ஒரே வேளையில் நடத்த எங்களிடம் நாற்காலி கிடையாது. பாதிப் பேர் காலையில் ஒரு தாள் எழுதுவார்கள், மீதிப் பேர் பிற்பகலில் வேறொரு தாள். ஒரு தாள் கடினமாகவும் இன்னொன்று சுலபமாகவும் அமைந்துவிட்டால் கடினமான தாள் வாய்த்தவன் என்ன பாவம் செய்தான்? அதனால் எந்தத் தாள் எவ்வளவு கடினம் என்று அளந்து, கடினமான பக்கத்துக்குச் சில மார்க் கூட்டிச் சமன் செய்வோம்.

அளப்பதுதான் தலைவலி. இந்தத் தடவை காலையில் எழுதியவர்கள் நகரத்து ஆட்கள், பிற்பகலில் எழுதியவர்கள் வெளியூர் ஆட்கள். வெறும் மார்க்கை வைத்துப் பார்த்தால் கேள்வி கடினமா, ஆட்கள் சுமாரா என்று தெரியாது. ஆகவே தேர்வு முடிந்த பிறகு ஆறு பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதச் சொல்வோம். தேர்ச்சிக் கோட்டில் தொட்டும் தொடாமலும் நிற்கிற ஒரு ஆளை மனதில் கொண்டுவர வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனும் இல்லை, கொஞ்சம் மக்கும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் இந்தக் கேள்வியைப் பார்த்தால் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள்? அந்த எண்தான் கேள்வியின் எடை.

பத்தொன்பது வருடம் மற்றவர்கள் எழுதிய எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஆறாவது ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. புதுச் சட்டை எடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போவதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். “என் குடும்பத்தினரோ என்னுடன் வசிப்பவரோ இத்தேர்வை எழுதவில்லை.” கீழே கையெழுத்து.

என் தங்கை எழுதியிருந்தாள், காலைத் தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷனோடு ஒத்துவராமல் ஆறு வருடம் முன்பு மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள். பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். தனியாக ஒரு வீடு பார்த்து, அவளும் மகளும் அதில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும். இது தவிர வேறு ஆசை எதுவும் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் போயிற்று. இது ஐந்தாவது. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது, அதற்கு மேல் எழுத முடியாது.

சின்ன வயதில் அப்பா எங்கள் இருவர் மார்க்கையும் கூடத்தில் வைத்து உரக்கப் படிப்பார். “மூளையெல்லாம் மூத்தவன் வழிச்சு எடுத்துட்டான், இவளுக்குச் சட்டிதான் மிச்சம்” என்பார். எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். நாற்பது வயது தாண்டியும் நான் அந்தச் சிரிப்பை விடவில்லை. முதல் தடவை தேர்வுக்குப் படித்தபோது சந்தேகம் கேட்டு வருவாள். “இது அஞ்சாங்கிளாஸ் கணக்கு. இது கூடவா தெரியல?” என்பேன். இரண்டாவது தடவையிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் நிம்மதி என்று இருந்துவிட்டேன்.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். இவள் எங்கே பாஸ் பண்ணப் போகிறாள், பண்ணாத பாஸுக்காக நான் ஏன் நாற்காலியை விடவேண்டும்? அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உள்ளே நீளமான மேஜை, ஆறு தண்ணீர் பாட்டில், ஜன்னலுக்குத் திரை. எனக்கு எதிரில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலைத் தாளில் கணக்குப் பகுதி வந்தது. பாத்திரத்தில் நாற்பது லிட்டர் பால். நாலு லிட்டர் எடுத்துவிட்டு நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இப்படி மொத்தம் மூன்று முறை. கடைசியில் பால் எவ்வளவு?

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கணக்கை என் வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை துணி துவைத்துக்கொண்டே என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாருங்க அண்ணி, இந்த பக்கெட்ல சோப்புத் தண்ணி. நாலு மக்கு எடுத்து வெளிய ஊத்திட்டு நாலு மக்கு நல்ல தண்ணி விட்டேன். இப்ப மறுபடி நாலு மக்கு எடுத்தா அது முழுக்க சோப்புத் தண்ணியா? இல்லையே, நல்ல தண்ணியும் சேர்ந்துதானே வெளிய போகுது. பன்னெண்டைக் கழிச்சுட்டு இருபத்தெட்டுன்னு எழுதுறவங்கதான் நிறைய. ஒவ்வொரு தடவையும் பத்துல ஒரு பங்குதான் போகுது. இருபத்தொன்பது லிட்டரும் கொஞ்சமும்.” கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

இவளே போடுகிறாள் என்றால் எவன் போடமாட்டான்? எண்பத்தெட்டு என்று எழுதினேன்.

இதையும் சேர்த்து அதே ரகத்தில் எட்டுக் கேள்விகள். வேலையை ஆட்கள் பங்கு போடுவது, ஓடம் எதிர்நீரில் போவது, கடிகார முள்ளின் கோணம். எட்டையும் அவள் வாயால் கேட்டிருக்கிறேன், அல்லது பின்னறைச் சுவரில் அவள் ஒட்டிவைத்த காகிதத்தில் பார்த்திருக்கிறேன். எட்டுக்கும் எண்பத்தைந்து, தொண்ணூறு என்று தாராளமாகப் போட்டேன். பிற்பகல் தாளில் வேறு ரகக் கணக்குகள். அவை எங்கள் வீட்டில் காதில் விழாதவை. அவற்றுக்கு மட்டும் ஒழுங்காக யோசித்து நாற்பது, நாற்பத்தைந்து என்று எழுதினேன்.

முதல் சுற்று ரகசியம். பிறகு எண்களைப் பலகையில் போட்டு விவாதிப்போம், அதன்பின் வேண்டியவர் தன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பால் கணக்குக்கு மற்ற ஐந்து பேரும் முப்பதிலிருந்து நாற்பதுக்குள் போட்டிருந்தார்கள். என் எண்பத்தெட்டு தனியாக நின்றது.

“என்ன சார், இவ்வளவு தூக்கிட்டீங்க?” என்றார் வாத்தியார். “முப்பத்தஞ்சு வருஷம் பசங்களைப் பார்த்திருக்கேன். பாதிப் பேரு கழிச்சுட்டுப் போயிடுவான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதல் நாளே நான் மட்டும் தப்பா? “சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. ஸ்கூல்ல கணக்குல ஃபெயிலானவ. துணி துவைக்கிற நேரத்துல வாயாலேயே இதைப் போடுறா. அவளை விட மட்டமான ஆளை உங்க நூறு பேர்ல எங்க தேடப் போறீங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா படித்தபோது சிரித்த அதே மாதிரி. நான் எட்டுக் கேள்விக்கும் விடாமல் வாதாடினேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இரண்டாம் சுற்றில் வாத்தியார் தவிர எல்லாரும் எழுபதுக்கு ஏறிவிட்டார்கள். அவரும் கடைசியில் பேனா மூடியை எடுத்துவிட்டு அறுபது என்றார்.

காலைத் தாள் சுலபம் என்று முடிவாயிற்று. பிற்பகல்காரர்களுக்கு இரண்டு மார்க் கூட்டினார்கள். அறிவிப்பும் வந்தது.

முடிவு வந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலிலேயே நின்று போனில் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எழுபது. கட் ஆஃப் எழுபத்தொண்ணு, அண்ணி” என்றாள் என் மனைவியிடம். பிறகு கொடியில் இருந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தாள்.

“கணக்கெல்லாம் நல்லா போட்டதா நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள் மடித்துக்கொண்டே. “ரொம்ப சுலபமா கேட்டுட்டாங்க போலிருக்கு. காலைத் தாள் சுலபம்னு வாரியமே சொல்லிடுச்சே. எனக்கு வந்தது எல்லாருக்கும் வந்திருக்கும்.”

“எல்லாருக்கும் எல்லாம் அமையாது, விடு” என்றேன் நான். சொன்னது மட்டுமில்லை, நல்லவன் மாதிரி அவள் தலையில் கை வேறு வைத்தேன்.

அதற்கு நாலாவது நாள் அலுவலகத்தில் வழக்கமான அறிக்கை என் மேஜைக்கு வந்தது. குழு போட்ட எண்ணும், உண்மையில் சரியாகப் போட்டவர்களின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பத்து, பன்னிரண்டு வித்தியாசம் இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் போட்ட எண்களைப் பெருமையாகத் தேடினேன், அதுதான் உண்மை. பால் கணக்கு: என் எண் எண்பத்தெட்டு. சரியாகப் போட்டவர்கள் நூற்றில் இருபத்தாறு பேர். ஓடம்: இருபத்திரண்டு. கடிகாரம்: பத்தொன்பது. எட்டும் அப்படியே. அதுவும் நகரத்து ஆட்கள், படிப்புக்கு வசதி உள்ளவர்கள்.

எனக்குக் காது சூடேறியது. பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மனைவிக்குப் போன் செய்தேன். “அவ ஹால் டிக்கெட் சுவத்துல ஒட்டியிருக்கும், நம்பரைப் படி.”

“எதுக்குங்க?”

“படின்னா படியேன்.”

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் நம்பர் எனக்குத் தெரியாது. தனி ஆளின் விடைத்தாளைத் திறப்பது தப்பு. ஏற்கெனவே செய்ததோடு இதுவும் போகட்டும் என்று திறந்தேன். எட்டுக் கேள்விகள். எட்டும் சரி. அரை லட்சம் பேரில் அந்த எட்டையும் சரியாகப் போட்டவர்கள் நூற்றுப் பதினாலு பேர்தான்.

இவளே போடுகிறாள் என்று நினைத்தேனே, அவள் போட்டதால்தான் அந்தக் கேள்விகளைச் சுலபம் என்றேன். அவள் கற்றுக்கொண்டதையே எடுத்து அவள் தலையில் அடித்திருக்கிறேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். குரலை உயர்த்தாத அம்மா அவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“தங்கச்சிக்கு மார்க் போட்டுக் கொடுத்தேன்னு சொன்னா எனக்குப் புரியும்” என்றார். “அப்படி ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். நீங்க தங்கச்சியைத் தோக்கடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க.”



அவர் முதல் சுற்று எண்களை எடுத்து, என்னுடையதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு தாளும் சமம். யாருக்கும் எதுவும் கூட்டத் தேவையில்லை. கட் ஆஃப் எழுபதுக்கு இறங்கும். காலையில் எழுதிய நானூற்றுச் சொச்சம் பேர் உள்ளே வருவார்கள்.

“அப்போ அவளும்...” என்றேன்.

அவர் என் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, என் கையெழுத்துக்கு மேலே இருந்த சின்ன எழுத்தை விரலால் காட்டினார். உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் சம்பந்தப்பட்ட உறவினரின் தாள் ரத்து செய்யப்படும். “நீங்க அன்னிக்கே ‘எழுதறா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அவங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும். இப்ப நீங்க எழுத்துல கொடுத்தா நானூறு பேருக்கு நியாயம் கிடைக்கும், அவங்களுக்குக் கிடையாது. கொடுக்கலைன்னா யாருக்கும் கிடையாது. ஆட்சேபம் தெரிவிக்க இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம்.”

மணி ஒன்றரை. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நான் எழுந்திருக்க வேண்டும், மனிதனாக இருந்தால். “ஒரு மணி நேரம் கொடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடையில் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தங்கை ஒரு மாணவியின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மூடிக்குக் கீழே வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள்.

“என்ன அண்ணா, வீட்டுல யாருக்காவது...?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல.”

மாணவி போகும் வரை காத்திருந்தேன். பிறகு கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். படிவத்தைச் சொன்னேன், பாஸ் பண்ண மாட்டாள் என்று நினைத்ததைச் சொன்னேன். எண்பத்தெட்டைச் சொன்னேன். பேர் சொல்லாமல் அவளை வைத்து ஐந்து பேரைச் சிரிக்க வைத்ததையும் சொன்னேன். மெஷின் சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாகத் தலைவர் அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டு, “நீயே சொல்லு, நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்” என்றேன்.

மெஷின் தானாக நின்றது.

“இதையும் என் தலையிலதான் வைக்கணுமா?” என்றாள். “படிவத்துல கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டியா? இப்ப எதுக்குக் கேக்க வர்றே? நான் ‘கொடுக்காதே’ன்னு சொன்னா உனக்கு வேலை தப்பிச்சுடும். ‘கொடு’ன்னு சொன்னா என்னை நானே ரத்து பண்ணிக்கிட்ட மாதிரி ஆயிடும். உனக்கு எப்படிப் போனாலும் நிம்மதி.”

ஆட்டோவில் வரும்போது எனக்கே தெரியாமல் நான் போட்ட கணக்கை அவள் ஒரே மூச்சில் போட்டுவிட்டாள்.

அவள் அச்சான தாள்களைத் தட்டி அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

“எந்தக் கணக்கு?” என்றாள் திடீரென்று.

“பால் கணக்கு. அப்புறம் ஓடம், கடிகாரம். மொத்தம் எட்டு.”

“மத்தவங்க எவ்வளவு போட்டாங்க, முதல்ல?”

“முப்பது, முப்பத்தஞ்சு.”

“நிஜமா எத்தனை பேருக்கு வந்துச்சு?”

“பாலுக்கு நூத்துல இருபத்தாறு பேர். கடிகாரத்துக்குப் பத்தொன்பது. எட்டையும் சரியா போட்டவங்க அரை லட்சத்துல நூத்துப் பதினாலு பேர். அதுல நீ ஒருத்தி.”

அவள் புருவம் சுருங்கியது. என்னமோ நான் விளையாடுகிறேன் என்பது போல என் முகத்தைத் துழாவினாள்.

“அப்போ அது கஷ்டமான கணக்கா?”

“ஆமா.”

“நீ அஞ்சாங்கிளாஸ் கணக்குன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“அஞ்சாங்கிளாஸ் கணக்குக்கே நாலு வருஷம் ஆகுதேன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?” என்றாள். குரல் உடைந்தது. ஆனால் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. உள்ளே திரும்பி, “அண்ணாச்சி, கேட்டீங்களா, நூத்துல இருபத்தாறு பேர்தான் போட்டாங்களாம், நான் போட்டேன்” என்றாள். அவர் வாயில் சோற்றோடு, எதற்கு என்று தெரியாமலேயே பலமாகத் தலையாட்டினார். அவள் சிரித்தாள். வேலையும் போய், வயதும் போய், அண்ணனே கெடுத்தான் என்று தெரிந்த நேரத்தில் அவள் அப்படிச் சிரித்தாள். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட ஆறு வருடத்தில் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் திட்டியபோது நிற்க முடிந்த எனக்கு அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

“நீ கொடுக்கலைன்னா நான் ஃபெயில், வேலை இல்லை” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “கொடுத்தா நான் பாஸ், அப்பவும் வேலை இல்லை. பாஸாவே இருந்துட்டுப் போறேன். எழுது.”

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள். பேனாவும் அவளே கொடுத்தாள். எழுதினேன். என் எண்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், உறுதிமொழி பொய் என்றும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, தேர்ச்சிக் கோட்டில் நிற்பவர் என்று நான் மனதில் வைத்தது என் தங்கையை, அவர் அந்தக் கோட்டுக்கு வெகு மேலே இருப்பவர், அது எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, உதடு அசையப் படித்தாள்.

“வெகு மேலேன்னா? உங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் நம்பர் போடுவீங்களே. நம்பர் போடு.”

எட்டுக்கு எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அது கோணல்மாணலாக வந்தது.

மணி மூன்று ஆகிவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு கிளம்பக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மெஷினின் மூடியைத் தூக்கி, தாளை நேராக வைத்து, ஓரத்தைச் சரிபார்த்து மூடினாள்.

“எனக்கு ஒண்ணு வேணும்” என்றாள். “மார்க் ஷீட்டுதான் வராதே.”